சிங்கப்பூர்ச் சுவரும் சங்கரன்கோவில் பிளக்கும்

சிங்கப்பூரில் நான் முதன்முதலாக உற்றுப் பார்த்தது கடலையும் இல்லை, கட்டடத்தையும் இல்லை. சம்பந்தி வீட்டு அடுப்படிச் சுவரில் இருந்த மூன்று ஓட்டைகளை. மூன்றும் பட்டையாக, சதுரம் பிடித்துச் செதுக்கினமாதிரி இருந்தன. நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன மிக்ஸியின் பிளக்கிலோ மூன்று உருண்டைப் பின்கள். என் வீட்டுக்காரர் பிளக்கைச் சுவரில் வைத்து அழுத்தினார். தலைகீழாகத் திருப்பி அழுத்தினார். கடைசியில் கதவைத் தட்டுவதுபோலச் சுவரைத் தட்டினார். சம்பந்தியம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் வரக் காணுமே மதினி" என்றார் என்னிடம்.

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நான்கு வருஷக் கதை இருக்கிறது. எங்கள் மகள் கோமதியைக் கட்டிக்கொடுத்தபோது மிக்ஸி ஒன்று வாங்கித் தருவதாக வாய்விட்டுச் சொல்லியிருந்தோம். அந்த வருஷம் குருவிகுளத்துப் பக்கம் எங்களுக்கு இருந்த கரிசல் காட்டில் மழை பொய்த்தது, மிக்ஸியும் பொய்த்தது. சம்பந்தியம்மா ஒரு நாளும் அதைக் கேட்டவர் இல்லை. பனவடலிசத்திரத்தில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறியவர். கேட்காமலே கேட்பதில் கைதேர்ந்தவர். கடிதம் போட்டால், எல்லாரும் சுகம், மழை பெய்கிறது, சட்னி இன்னும் அம்மியில்தான் அரைக்கிறோம் என்று முடிப்பார்.

இப்போது கோமதிக்கு ஒன்பதாம் மாதம். அவளால் ஊருக்கு வர முடியாது என்பதால் வளைகாப்பை அங்கேயே வைத்து, எங்களை வரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விசேஷம். அந்தக் கட்டடத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது. சீர்த் தட்டுகளுக்கு நடுவில் மிக்ஸி இருக்க வேண்டும். வந்தவர்கள் முன்னால் அது ஓடவும் வேண்டும். ஓடாவிட்டால் அந்தக் குத்தல் பேச்சைத் தன் பேரனுக்குக் கல்யாணம் ஆகும்வரை என் மகள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் அந்த மிக்ஸியைப் பழைய வேட்டியில் சுற்றி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இறங்கிய இடத்தில் ஓர் அதிகாரி ஜாரைத் திறந்து இது என்ன என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கையைச் சுழற்றிக்காட்டி, "சட்னி, சட்னி" என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சங்கரன்கோவிலில் கரண்டு ஆபீசில் வயர்மேன். நான் தபால் ஆபீசில் கவுண்டரில் இருப்பவள். கரண்டு என்றால் தனக்குச் சித்தப்பா மகன் என்பதுபோல நடந்துகொள்வார். வீட்டில் எதைக் கழற்றினாலும் மெயின் சுவிட்சை அணைக்க மாட்டார். அது பயந்தவன் செய்கிற வேலை என்பார். லேசாக ஷாக் அடித்தால் பாசமாகச் சிரித்துக்கொள்வார்.

அன்றைக்கு மாலை மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்தார். துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறவர், அதிகம் பேசாதவர். சுவரைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். ஒயரை வெட்டி இந்த ஊர் பிளக்கை மாட்டிவிட்டால் முடிந்தது, இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்றார். என் வீட்டுக்காரருக்கும் அதுதான் யோசனை. பிளக்கு, ஒயரோடு சேர்த்து வார்த்தது, திருகாணி கிடையாது, வெட்டினால்தான் உண்டு. அவர் கத்தியை எடுத்ததுதான் தாமதம், சம்பந்தியம்மா குறுக்கே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, கத்திய கீழ வைங்க. புள்ளத்தாச்சிக்கு வந்த சீரு. புள்ள வெளிய வாரதுக்கு முன்னால அதுல ஒயர அறுக்கலாமா?"

அறுக்கலாமா என்று கேட்டதும் எனக்கே பக்கென்றது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் இருப்பதும் ஒரு ஒயர்தானே. சட்டம் பேசுகிறவர்கள் சிரிக்கலாம். பெண்ணைப் பெற்று நிறைமாதத்தில் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர்கூடக் கத்தியை மடக்கிவிட்டார். ஆக, மிக்ஸி ஓட வேண்டும், ஒயரில் கத்தி படக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்.

"ஏளா, நீ ஏன் பயப்படுத? கரண்டுக்கு ஊரு பேரெல்லாம் தெரியாது. சங்கரங்கோயில்ல ஓடுனது இங்கனயும் ஓடும்" என்றார் அவர்.

மறுநாள் காலை தன் பையிலிருந்து ஒரு மரப்பலகையை எடுத்தார். அதில் நம் ஊர் உருண்டை ஓட்டைப் பாயிண்ட் ஒன்று பதித்திருக்கும். பின்னால் நீள ஒயர். அதன் நுனிகள் சீவப்பட்டு மொட்டையாக இருக்கும். எங்கள் பக்கத்து வழக்கம் இது. மொட்டை ஒயரைச் சுவர் ஓட்டையில் சொருகி, ஒரு தீக்குச்சியை இடுக்கி இறுக்கிவிட வேண்டியதுதான். திருவேங்கடம் போகிற வழியெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ். குச்சிக்கு என்ன பஞ்சம்? ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தெரு நீளத்துக்கு எரிகிற சீரியல் பல்புகள் எத்தனை தீக்குச்சிகளின் பலத்தில் எரிகின்றன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தால் சாமி கும்பிட வரவே மாட்டார்கள்.

ஆனால் சிங்கப்பூர்ச் சுவர் விவரமானது. கீழே உள்ள இரண்டு ஓட்டைகளுக்கும் உள்ளே குட்டிக் கதவு வைத்திருந்தார்கள். மேல் ஓட்டையில் தடித்த பின் ஒன்று நுழைந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். பிள்ளைகள் விரலை விடாமலிருக்கச் செய்த ஏற்பாடு. இதை அரைமணி நேரம் சுவரோடு முகத்தை ஒட்டிவைத்துக் கண்டுபிடித்த என் வீட்டுக்காரர், புதையல் கிடைத்தவர்போலக் குளியலறைக்கு ஓடினார். மாப்பிள்ளையின் பல் பிரஷ்ஷோடு திரும்பி வந்தார். பிளாஸ்டிக் காம்பை மேல் ஓட்டையில் குத்தினார், கதவு திறந்தது. கீழே ஒயர்களும் தீக்குச்சிகளும் போயின. பலகையில் மிக்ஸியின் பிளக்கு ஏறியது.

ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கோமதி கைதட்டினாள். சம்பந்தியம்மா ஓர் அடி முன்னால் வந்தார். அந்த மிக்ஸிக்கு ஒரு குணம் உண்டு; ஓடும்போது நடக்கும். நடந்து நடந்து மேடையின் ஓரத்துக்குப் போய், பலகையையும் ஒயரையும் தன்னோடு இழுத்தது. சுவரில் நீலமாக ஒரு பொறி, படார் என்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது, பிரிட்ஜ் நின்றது, கூடத்தில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த கால்பந்தும் நின்றது. மாப்பிள்ளை வந்தார். மெயின் போர்டில் தானாக விழுந்திருந்த சுவிட்சைத் தூக்கிவிட்டார். தன் பல் பிரஷ்ஷைச் சுவரிலிருந்து உருவிக்கொண்டு போனார்.

அன்று பிற்பகல் இரண்டு பேருமாக அடாப்டர் வாங்கக் கிளம்பினோம். முகத்தில் நம் ஊர் ஓட்டையும் முதுகில் இந்த ஊர் பின்னும் வைத்த பொருளுக்கு அதுதான் பேர் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். முதலில் குளிர்சாதனம் போட்ட பெரிய கடை. விலையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் அடாப்டரை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டார். அந்த விலைக்கு இன்னொரு மிக்ஸி வாங்கலாம் என்றார். அது பொய், ஆனால் நானும் மறுக்கவில்லை. அடுத்தது நடைபாதைக் கடை. அங்கே வெள்ளை வெளேர் என்று ஓர் அடாப்டர், முகமெல்லாம் ஓட்டை, ஜல்லடை மாதிரி. உலகத்தில் எந்தப் பிளக்கும் இதில் ஏறும் என்றான் கடைக்காரன். வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். எனக்கு எடை தெரியும். தராசில் வைக்கும் முன்னாலேயே கவர் எத்தனை தபால்தலை கேட்கும் என்று என் கை சொல்லிவிடும். இது ஒரு தபால்தலைகூடக் கேட்கவில்லை. உள்ளே ஒன்றுமில்லாதமாதிரி லேசாக இருந்தது. சொன்னேன். எல்லாத்தையும் தபால் ஆபீஸ் கண்ணால் பார்க்காதே என்று அதட்டி, வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது ஒரு கூத்து. அந்தக் கட்டடத்தில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. சில மாடிகளில் மட்டும் நின்று, மீதிக்குப் படியேறு என்று விட்டுவிடும். நான் கீழே காப்பி வாங்க நின்றேன். அங்கே காப்பியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைக் கயிற்றால் கட்டி, விரலில் மாட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். முதல் தடவை வாங்குகிறவர்கள் மீன் வாங்கியதாக நினைப்பார்கள். நான் மேலே போனால் அவரைக் காணோம். தேடியதில் நேர் கீழ் மாடியில், ஒரு மலாய்க் குடும்பத்தின் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வாழைப்பழ பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லா வீடும் ஒரே அச்சு, கதவு திறந்திருந்தது, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். வளைகாப்புக்கு வந்த விருந்தாளிகள் என்று அவர் அவர்களை நினைக்க, யாரோ பசியோடு வந்திருக்கிறார் என்று அவர்கள் இவரை நினைத்திருக்கிறார்கள். பஜ்ஜி நன்றாக இருந்தது. நானும் ஒன்று சாப்பிட்டுவிட்டுத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை ஜல்லடை அடாப்டர் சுவரேறியது. ஆடுகிற பல் மாதிரி ஆடியது. ஆனாலும் மிக்ஸி ஓடியது. சம்பந்தியம்மா தேங்காய்ச் சில்லை அவரே போட்டார். அவர் அவ்வளவு இறங்கி வந்ததே பெரிது என்று நான் மனசுக்குள் குலவை போட்டேன். மிக்ஸி நடக்கத் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் அதன் எவர்சில்வர் உடம்பைப் பிடித்தார். பிடித்த கையைச் சட்டென்று எடுத்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். அந்தப் பாசச் சிரிப்பையும் தெரியும். அதே நேரம் கோமதி, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு, நான் பிடிக்கிறேன் அப்பா என்று வந்தாள்.

நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். அவரிடமிருந்து டெஸ்டரை வாங்கி, சுவிட்சைத் திரும்பப் போட்டு, மிக்ஸியின் உடம்பில் வைத்துப் பார்த்தேன். டெஸ்டரின் வயிற்றில் சிவப்பாக விளக்கு எரிந்தது; மிக்ஸியின் உடம்பில் கரண்டு கசிகிறது. லேசாகத்தான், பூனை பிராண்டினமாதிரி என்றார் அவர். ஜல்லடையைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் தெரிந்தது: மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டை. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த் என்பது அந்த அடாப்டரில் அலங்காரத்துக்கு வைத்தது. எங்கள் ஊரிலும் பல வீடுகளில் அப்படித்தான், பழகிப்போய்விட்டது. அன்றைக்குக் கோமதியின் ஈரக் கையைப் பார்த்தபிறகு, மிக்ஸியும் வேண்டாம், கௌரவமும் வேண்டாம் என்று தோன்றியது.

"ஊர்ல நீங்க கரண்ட தொட்டு விளாடுங்க, நான் கேக்கல. இங்கன என் புள்ள வயித்துல புள்ள இருக்கு" என்றேன். அவர் ஜல்லடையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். சம்பந்தியம்மா அரைகுறைத் தேங்காயை வழித்தெடுத்துக்கொண்டு அம்மிக்குப் போனார். போகிறபோது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அது திட்டா, ஆறுதலா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

வியாழக்கிழமை நானே கிளம்பினேன், தனியாக. மிக்ஸி இடுப்பில், டெஸ்டர் கைப்பையில். பஸ்ஸில் கண்டக்டர் இல்லை; டிரைவர் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் நாமே சில்லறை போட வேண்டும். எங்கள் டவுன் பஸ்ஸில் ஏற மனசில்லாதவளையும் கண்டக்டர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டு, இறங்க வேண்டிய இடத்தையும் அவரே சொல்லிவிடுவார். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆகவே நான் எதிர்த்திசையில் வெகுதூரம் போய்ச் சேர்ந்தேன். பக்கத்தில் ஒரு சீனக் கிழவர், மடியில் முள்முள்ளாக ஒரு பழம். அவர் என் மடியில் இருந்த மிக்ஸியைப் பார்க்க, நான் அவர் மடியில் இருந்ததைப் பார்க்க, அதன் வாசனைக்கு நான் ஜன்னலைத் திறக்க, அவர் சிரித்து, இறங்கும் இடத்தைக் கையால் காட்டினார்.

இறங்கிய இடத்தில்தான் அந்தக் கடை இருந்தது. பழைய மின்சாமான் கடை. என் வயசில் ஒரு சீனப் பெண்மணி. எனக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ் எங்கள் இருவரிடமும் தலைக்கு ஒரு கைப்பிடி இருந்தது. மிக்ஸியைப் பார்த்ததும், ஊரெல்லாம் சொன்னதையே அவரும் செய்தார்: கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து கத்திரிக்கோலை எடுத்து, ஒயரை வெட்டுவதுபோலக் காட்டினார். நான் கத்திரிக்கோலைப் பார்த்துத் தலையாட்டி மறுத்தேன். என் வயிற்றின்மேல் பெரிய வட்டமாகக் கையை வரைந்தேன். ஒயரைத் தொட்டேன். "டாட்டர்" என்றேன்.

அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. கத்திரிக்கோலை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். "பேபி. நோ கட்" என்றார். பிறகு கட்டில்மேல் துணி தைப்பதுபோலக் காட்டி, அதுவும் கூடாது என்றார். சுவரில் ஆணி அடிப்பதுபோலக் காட்டி, அதுவும் கூடாது என்றார். அவர்கள் வீட்டிலும் பிள்ளைத்தாச்சி இருந்தால் இப்படித்தானாம். கடல் தாண்டி வந்து, யாரென்றே தெரியாத ஒருத்தியிடம், என் சம்பந்தியம்மாவைச் சந்தித்தமாதிரி இருந்தது.

உள்ளே போய் ஓர் அடாப்டர் கொண்டுவந்தார். கறுப்பு நிறம், அழகில்லை. கையில் வைத்தேன், கனத்தது. குலுக்கினேன், சத்தம் இல்லை. அவரே திருகாணியைக் கழற்றி உள்ளே காட்டினார். மூன்றாவது ஓட்டையிலிருந்து பின்வரைக்கும் தடித்த பித்தளைப் பட்டை ஒன்று ஓடியது. பக்கத்தில் சின்னக் குழாயாக ஒரு பீஸ், ஏதாவது தப்பானால் தான் முதலில் போய் மற்றதைக் காப்பாற்றுவது. கடைச் சுவரில் மாட்டி மிக்ஸியை ஓட்டினோம். பிளக்கு ஆடவில்லை. எவர்சில்வர் உடம்பில் டெஸ்டரை வைத்தேன், விளக்கு எரியவில்லை. இன்னும் ஒரு தடவை வைத்தேன். இல்லை. வெளிநாடு போகிறவர்கள் என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அடாப்டர் கையில் கனக்க வேண்டும், குலுக்கினால் பேசக் கூடாது, மூன்றாவது ஓட்டை எங்காவது போய்ச் சேர வேண்டும். விலை, ஜல்லடைக்கும் பெரிய கடைக்கும் நடுவில் இருந்தது. விரல்களால் பேரம் பேசினோம். அவர் ஒரு விரலை மடக்கினார். நான் இன்னொன்றை மடக்கிவிட்டேன். கிளம்பும்போது, மகளுக்கு என்று ஒரு ஆரஞ்சுப் பழத்தை ஜாருக்குள் போட்டு மூடிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மிக்ஸிக்குக் குங்குமம் வைத்து, கழுத்தில் மல்லிகைப்பூச் சுற்றினோம். நம் ஊர்ப் பூவின் மணத்தில் பாதிதான் அந்தப் பூவுக்கு; சொல்லவில்லை. வளையல் போட வந்த ஒவ்வொருத்தியையும் சம்பந்தியம்மா அடுப்படிக்கு அழைத்துப் போய் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். கீழ்மாடி மலாய்க்காரப் பெண்ணுக்கு இரண்டு தடவை காட்டினார். ஒரே சட்னி எத்தனை பேருக்காக ஓடியதோ, பந்தி போடும்போது அது ரசமாகியிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. கோமதி கை நிறைய வளையலோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே குழந்தை வந்துவிட்டது. பெண் குழந்தை, அழுகை அந்த மிக்ஸி போடுகிற சத்தம்போலவே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் வீடு திரும்பியதும் சம்பந்தியம்மா குளிக்கக்கூடப் போகவில்லை. நேரே அடுப்படிக்குப் போனார். சுவரிலிருந்து கறுப்பு அடாப்டரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த சதுரப் பின் பிளக்கு ஒன்றை அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்தார். மிக்ஸியின் ஒயரையும் காய் நறுக்குகிற கத்தியையும் என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"அங்கன தொப்புள்கொடிய அறுத்தாச்சு அண்ணாச்சி. இனிமே இதயும் அறுங்க. இது இந்த வீட்டு மிக்ஸி."

எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் என் மகளைப் பற்றியும் அவர் அதையே சொன்னதுபோல் இருந்தது. கனத்த அடாப்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கத்தியை வாங்கினார். கம்பத்தில் தொங்கிக்கொண்டு எத்தனையோ ஒயரை அறுத்தவர், இதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெல்ல நடந்து கூடத்துக்குப் போனார். மிக்ஸி சுவரில்கூட மாட்டியிருக்கவில்லை. இருந்தும், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து அறுத்தார்.